காணாமல் போன ஷார்ட்கட்டுகள்: ஒரு டிடிபி கடை, இரண்டு கணினிகள்

பின்னணி

2011 ஜூன் மாதம். பிளஸ் டூ ரிசல்ட் வந்து, கல்லூரி விண்ணப்பம், பயோடேட்டா, சான்றிதழ் நகல் என்று டிடிபி கடைகளில் நிற்க இடம் இல்லாத நேரம். எங்கள் சர்வீஸ் கடைக்கு வழக்கமாக வரும் ஒரு அக்கா, பேருந்து நிலையத்துக்கு எதிரே அப்படி ஒரு கடை நடத்திவந்தார். கணினிகள் இரண்டு. வாசல் பக்கம் இருப்பது பழையது, விண்டோஸ் எக்ஸ்பி. பக்கம் வடிவமைக்கும் பேஜ்மேக்கர், போட்டோஷாப், தமிழ்த் தட்டச்சு, பில் போடுவது எல்லாம் அதில்தான். உள்ளே இருப்பது விண்டோஸ் 7, முந்தைய வருடம் வாங்கியது. அதில் பெரும்பாலும் ஆன்லைன் விண்ணப்பங்கள் மட்டும்.

இரண்டிலும் ஒரே ஒரு பயனர் கணக்கு, அதுவும் நிர்வாகி அதிகாரத்தோடு, பாஸ்வேர்டு இல்லாமல். அந்தக் காலத்துக் கடைகளில் இது சாதாரணம். நாங்கள்தான் அப்படிப் போட்டுக் கொடுத்தோம் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

முதல் நாள்: என்ன தெரிந்தது

காலை பதினோரு மணிக்கு அக்கா போன் செய்தார். "தம்பி, ஹார்ட் டிஸ்க் செத்துப்போச்சுனு காட்டுது. பேஜ்மேக்கரையே காணோம்."

நான் வேறு இடத்தில் இருந்ததால் என்னோடு வேலை பார்த்த பையனை அனுப்பினேன். வேலை தெரிந்தவன், கை வேகம் அதிகம். அவன் போய்ப் பார்த்தபோது எக்ஸ்பி கணினியின் டெஸ்க்டாப் முழுக்கக் கறுப்பு, ஒரு ஐகான் இல்லை. 'விண்டோஸ் எக்ஸ்பி ரெக்கவரி' என்ற பெயரில் ஒரு ஜன்னல் திறந்து, ஹார்ட் டிஸ்கில் பழுது, ரேமின் சூடு 83 டிகிரி என்று வரிசையாக எச்சரிக்கை காட்டிக்கொண்டிருந்தது. சரிசெய்ய வேண்டுமானால் கிரெடிட் கார்டு எண்ணைக் கொடுக்க வேண்டும். அக்காவிடம் கிரெடிட் கார்டு கிடையாது. நல்லதாய்ப் போயிற்று.

மை டாக்குமெண்ட்ஸ் காலி. டி டிரைவும் காலி. டாஸ்க் மேனேஜர் திறக்கவில்லை. ஸ்டார்ட் மெனுவில் புரோகிராம்ஸ் பட்டியலை விரித்தால் ஃபோல்டர் பெயர்கள் மட்டும் இருந்தன. எதன் மேல் மவுஸை வைத்தாலும் பக்கத்தில் சாம்பல் நிறத்தில் 'எம்ப்டி' என்று வந்தது.

முதலில் அவன் சரியாகவே யோசித்தான். டிஸ்க் உண்மையிலேயே போய்விட்டதோ என்று பார்க்க டிரைவின் பிராப்பர்ட்டீஸைத் திறந்தான். ஃபோல்டர்கள் காலியாகத் தெரிந்தாலும், நிரம்பிய இடத்தின் அளவு அப்படியே இருந்தது. அழிந்திருந்தால் இடம் காலியாகியிருக்கும். ஃபைல்கள் இருக்கின்றன, கண்ணுக்கு மறைக்கப்பட்டிருக்கின்றன. போலி ரிப்பேர் மென்பொருள் வகை வைரஸ் இது என்று எனக்குப் போனில் சொன்னான். அந்த வருடம் இந்த வகை ஊரெல்லாம் சுற்றிக்கொண்டிருந்தது. எக்ஸ்பியில் புகுந்தால் எக்ஸ்பி ரெக்கவரி, விண்டோஸ் 7-இல் புகுந்தால் விண்டோஸ் 7 ரெக்கவரி என்று தன் பெயரையே மாற்றிக்கொள்ளும்.

எடுத்த முடிவும் அதில் நடந்த தவறும்

அன்று எங்கள் கடையில் வைரஸ் வேலைக்கு ஒரு பழக்கமான வரிசை இருந்தது. ஓடிக்கொண்டிருக்கும் வைரஸை நிறுத்து, தற்காலிக ஃபைல்கள் சேரும் டெம்ப் ஃபோல்டரைத் துடை, மால்வேர்பைட்ஸ் என்ற வைரஸ் நீக்கும் மென்பொருளைப் போட்டு முழு ஸ்கேன் ஓடவிடு. டெம்ப்பைத் துடைப்பதற்குக் காரணம் எளிது. அதில் ஆயிரக்கணக்கில் குப்பை இருக்கும், ஸ்கேன் அதையெல்லாம் படித்து நேரத்தை விழுங்கும். வைரஸே பல நேரம் அங்கேதான் உட்கார்ந்திருக்கும் என்பது இன்னொரு காரணம். வாடிக்கையாளர் வாசலில் காத்திருக்கும்போது அரை மணி நேரம் மிச்சமாவது பெரிய விஷயம்.

பையன் அந்த வரிசையை அப்படியே செய்தான். டெம்ப் துடைக்கும் கருவி 1,900-க்கும் மேற்பட்ட ஃபைல்களை அழித்ததாகக் காட்டியது. ஸ்கேன் முடிந்தது, வைரஸ் போயிற்று. அட்ரிப் கட்டளையால் ஃபைல்களின் மறைப்பை நீக்கினான். மை டாக்குமெண்ட்ஸ் திரும்பி வந்தது, டி டிரைவும் வந்தது. அக்கா மூச்சு விட்டார்.

ஆனால் ஸ்டார்ட் மெனு திரும்பவில்லை. திரும்பவில்லை என்பதைவிட, பாதி திரும்பியது. மாலையில் நான் போய்ப் பார்த்தபோது என்னைக் குழப்பியது அந்தப் பாதிதான். ஆக்சசரீஸில் நோட்பேடும் கமாண்ட் பிராம்ப்ட்டும் இருந்தன. அதே பட்டியலில் இருக்க வேண்டிய கால்குலேட்டர் இல்லை, பெயின்ட் இல்லை.

எக்ஸ்பியின் ஸ்டார்ட் மெனு பார்க்க ஒன்று, உள்ளே இரண்டு. அந்தப் பயனருக்கு மட்டுமான ஃபோல்டர் ஒன்று, 'ஆல் யூசர்ஸ்' என்று எல்லோருக்கும் பொதுவானது ஒன்று. இரண்டையும் சேர்த்துத்தான் நமக்கு ஒரே பட்டியலாகக் காட்டுகிறது. நோட்பேடின் ஷார்ட்கட், அதாவது நிரலைத் திறக்க நாம் அழுத்தும் சின்ன இணைப்பு ஃபைல், முதல் ஃபோல்டரில், கால்குலேட்டருடையது இரண்டாவதில். ஆக, பயனருடைய ஃபோல்டரில் இருந்தவை வெறுமனே மறைக்கப்பட்டிருந்தன, திரும்பிவிட்டன. பொது ஃபோல்டரில் இருந்தவை அங்கே இல்லவே இல்லை. பேஜ்மேக்கர், போட்டோஷாப் மாதிரி இன்ஸ்டால் செய்த நிரல்களின் ஷார்ட்கட்டுகள் பெரும்பாலும் பொது ஃபோல்டரில்தான் உட்காரும்.

இரவு கடைக்குத் திரும்பி இணையத்தில் தேடியபோது விஷயம் விளங்கியது. இந்த வைரஸ் ஷார்ட்கட்டுகளை அழிப்பதில்லை, எடுத்து ஒளித்துவைக்கிறது. பயனரின் டெம்ப் ஃபோல்டருக்குள் 'எஸ்எம்டிஎம்பி' என்ற எழுத்துகளில் ஒரு ஃபோல்டர், அதற்குள் எண்களைப் பெயராகக் கொண்ட ஃபோல்டர்கள். 1-இல் பொது ஸ்டார்ட் மெனு. 2-இல் குவிக் லாஞ்ச், அதாவது ஸ்டார்ட் பொத்தானுக்குப் பக்கத்தில் இருக்கும் சின்ன ஐகான் வரிசை. 3-இல் விண்டோஸ் 7 டாஸ்க்பாரில் 'பின்' செய்தவை, அதாவது நிலையாகப் பொருத்திவைத்தவை. 4-இல் பொது டெஸ்க்டாப்.

அதாவது திருடன் பொருளை வீட்டுக்குள்ளேயே, குப்பைத் தொட்டிக்குள் ஒளித்துவைத்திருந்தான். நாங்கள் குப்பைத் தொட்டியைக் கொண்டுபோய்க் கொட்டிவிட்டோம்.

மீட்க முயன்றது

மறுநாள் ஹார்ட் டிஸ்கைக் கழற்றி எங்கள் கடைக் கணினியில் மாட்டி, அழிந்த ஃபைல்களை எடுக்கும் கருவியை ஓட்டினோம். பெயர்கள் கிடைத்தன. பெயர் கிடைத்தவற்றில் பெரும்பாலானவற்றுக்கு உள்ளே வேறு எதுவோ இருந்தது. காரணம் எங்கள் கையிலேயே இருந்தது. டெம்ப்பைத் துடைத்த பிறகு அதே டிரைவில்தான் ஸ்கேன் மென்பொருளை இறக்கி, இன்ஸ்டால் செய்து, அப்டேட்டும் போட்டிருந்தோம். ஒரு ஷார்ட்கட் என்பது ஒன்றிரண்டு கிலோபைட். காலியான அந்த இடத்தில் வேறு ஃபைல் எழுதப்பட எவ்வளவு நேரம் ஆகும்? முழுதாகத் தேறியவை பதினேழு.

விண்டோஸை மறுபடி போட்டுவிடலாமா என்று யோசித்தோம். வேண்டாம் என்று முடிவெடுத்ததற்கு இரண்டு காரணங்கள். நிரல்கள் எல்லாம் நல்லபடியாக இருக்கின்றன, போனது அவற்றுக்கு வழிகாட்டும் பலகை மட்டும். அப்புறம், தமிழ் எழுத்துரு மென்பொருளின் சிடி அக்காவிடம் இல்லை. மறுபடி போட்டால் அது திரும்ப வராது.

எனவே கையால் கட்டினோம். ஆபீஸ் 2003 சுலபமாக முடிந்தது. அதன் ஹெல்ப் மெனுவில் 'டிடெக்ட் அண்ட் ரிப்பேர்' என்று ஒன்று உண்டு, அதிலேயே ஷார்ட்கட்டுகளையும் மீட்கச் சொல்லும் டிக் பெட்டி இருக்கிறது. விண்டோஸோடு வரும் கால்குலேட்டர், பெயின்ட், சிஸ்டம் டூல்ஸ் போன்றவற்றை எங்கள் கடையில் இருந்த இன்னொரு எக்ஸ்பி கணினியின் பொது ஸ்டார்ட் மெனுவில் இருந்து அப்படியே நகலெடுத்தோம். அவை எல்லா எக்ஸ்பியிலும் ஒரே இடத்தைத்தான் காட்டும் என்பதால் பிரச்சினை இல்லை. மற்றதற்கு புரோகிராம் ஃபைல்ஸில் ஒவ்வொரு ஃபோல்டராக நுழைந்து, எது உண்மையான நிரல், எது அதன் அப்டேட்டர், எது நீக்கும் கருவி என்று பார்த்துப் பார்த்துப் போட்டோம். மாலை ஆகிவிட்டது.

பில் எண் 1

கணினியைத் திருப்பிக் கொடுத்த அன்று இரவே அக்கா கூப்பிட்டார். "தம்பி, பில் ஒண்ணுல இருந்து வருது. பழைய கணக்கு எதுவும் இல்ல."

உள்ளூர்க்காரர் ஒருவர் ஃபாக்ஸ்ப்ரோ என்ற பழைய தரவுத்தள மென்பொருளில் எழுதிக் கொடுத்த பில் நிரல் அது. நிரல் சி டிரைவில், கணக்கு ஃபைல்கள் டி டிரைவில். நிரலுக்குள் எந்த முகவரியும் எழுதப்படவில்லை. எந்த ஃபோல்டரில் நின்றபடி தன்னைத் திறக்கிறார்களோ, அங்கே கணக்கு ஃபைலைத் தேடும். இல்லையென்றால் கேள்வி கேட்காமல் புதிதாக ஒன்றை உருவாக்கிக்கொள்ளும்.

அந்த 'எங்கே நின்றபடி' என்ற தகவல் இருந்த ஒரே இடம் பழைய ஷார்ட்கட். அதன் பிராப்பர்ட்டீஸில் 'ஸ்டார்ட் இன்' என்ற கட்டத்தில் டி டிரைவின் ஃபோல்டர் எழுதப்பட்டிருந்திருக்கிறது. நாங்கள் நிரலின் மேல் வலது கிளிக் செய்து புது ஷார்ட்கட் போட்டபோது, விண்டோஸ் அந்தக் கட்டத்தில் நிரல் இருக்கும் சி டிரைவ் ஃபோல்டரையே நிரப்பிவிட்டது. நிரல் திறந்ததும் நாங்கள் திருப்தியாகிவிட்டோம். உள்ளே பழைய பில் இருக்கிறதா என்று பார்க்கவில்லை.

கட்டத்தை மாற்றியதும் பழைய கணக்கு முழுதும் வந்தது. ஆனால் அதற்குள் மூன்று பேருக்கு 1, 2, 3 என்று எண் போட்ட பில் போயிருந்தது. அந்த மூன்றையும் அக்கா பழைய கணக்கில் மறுபடி ஏற்றிக்கொண்டார்.

ஷார்ட்கட் என்றால் வெறும் சுட்டி என்றுதான் அதுவரை நானும் சொல்லிக்கொண்டிருந்தேன். எந்த நிரல், எங்கே நின்று, என்ன கூடுதல் சொல்லோடு திறக்க வேண்டும் என்பதெல்லாம் அதற்குள் இருக்கிறது. சில பழைய நிரல்களுக்கு அது வேறெங்கும் எழுதப்பட்டிருக்காது.

இன்னொரு சின்னத் தொல்லையும் வந்தது. கணினியைப் போடும்போதெல்லாம் நோட்பேட் தானாகத் திறந்து புரியாத இரண்டு வரிகளைக் காட்டியது. வைரஸ் இன்னும் இருக்கிறது என்று அக்கா பயந்துவிட்டார். பையன் அட்ரிப் கட்டளை கொடுத்தபோது 'மறைந்தவை' என்ற அடையாளத்தோடு 'சிஸ்டம்' என்ற அடையாளத்தையும் சேர்த்து நீக்கியிருந்தான். ஸ்டார்ட்அப் ஃபோல்டரில் டெஸ்க்டாப் ஐஎன்ஐ என்று விண்டோஸின் சொந்த ஃபைல் ஒன்று எப்போதும் மறைந்தே இருக்கும். அதன் முக்காட்டை விலக்கியதும், ஸ்டார்ட்அப்பில் இருக்கும் எல்லாவற்றையும் திறப்பது போல அதையும் விண்டோஸ் திறந்து காட்டியது. அந்த இரண்டு அடையாளங்களையும் திரும்பப் போட்டதும் நின்றுவிட்டது. சிஸ்டம் அடையாளம் உள்ளதைத் தொடாமல், வெறும் மறைப்பு மட்டும் உள்ளதை நீக்கியிருக்க வேண்டும்.

ஒன்பது நாள் கழித்து: இரண்டாவது கணினி

ஒன்பதாம் நாள் உள்ளே இருந்த விண்டோஸ் 7 கணினியில் அதே கறுப்புத் திரை. இந்த முறை போனிலேயே சொன்னேன்: "அக்கா, நெட் கேபிளைப் பிடுங்குங்க. வேற எதையும் தொடாதீங்க, ஆஃப் பண்ணிடுங்க."

அத்தியாவசியமானவை மட்டும் ஓடும் சேஃப் மோடில் திறந்து, மறைந்தவற்றையும் காட்டும்படி டெம்ப் ஃபோல்டரைக் கமாண்ட் பிராம்ப்ட்டில் பட்டியலிட்டோம். எஸ்எம்டிஎம்பி இருந்தது. உள்ளே 1, 2, 3, 4 நான்கும் இருந்தன. வேறு எதையும் செய்வதற்கு முன் அந்த ஃபோல்டரை முழுதாகப் பென் டிரைவுக்கு நகலெடுத்தோம். 1-இல் 118 ஷார்ட்கட், 3-இல் 5, 4-இல் 11. மொத்த அளவு ஒரு எம்பி3 பாட்டின் பாதி கூட இல்லை.

அதன் பிறகுதான் சுத்தம் செய்யும் வேலை. இந்த வகையோடு டிடிஎஸ்எஸ் என்ற ரூட்கிட்டும் (விண்டோஸுக்குள் ஆழமாக ஒளிந்துகொள்ளும் வகை வைரஸ்) சேர்ந்து வருவது உண்டு என்று படித்திருந்ததால் அதற்கான கருவியையும் ஓட்டினோம். எதுவும் அகப்படவில்லை. மால்வேர்பைட்ஸ் மட்டும் வைரஸைப் பிடித்தது.

ஷார்ட்கட்டுகளைத் திருப்பி வைக்க அப்போதே 'அன்ஹைட்' என்ற இலவசக் கருவி இருந்தது. மறைப்பை நீக்கி, எஸ்எம்டிஎம்பியில் இருப்பதை அதனதன் இடத்தில் தானே வைத்துவிடும். நாங்கள் கையாலேயே செய்தோம். முதல் முறை பட்ட பாட்டுக்குப் பிறகு, எது எங்கே போகிறது என்று கண்ணால் பார்க்க வேண்டும் போலிருந்தது. 1-இல் இருந்ததை சி டிரைவில் புரோகிராம்டேட்டாவுக்குள் மைக்ரோசாஃப்ட், விண்டோஸ், ஸ்டார்ட் மெனு என்று போகும் ஃபோல்டரில் வைத்தோம். 4-இல் இருந்ததைப் பப்ளிக் டெஸ்க்டாப்பில். 2-ஐயும் 3-ஐயும் பயனரின் ஆப்டேட்டாவுக்குள் இருக்கும் குவிக் லாஞ்ச் பக்கம். டாஸ்க்பாரில் இரண்டை மட்டும் மறுபடி பின் செய்ய வேண்டியிருந்தது.

ஸ்டார்ட் மெனுவின் வலது பக்கத்தில் கம்ப்யூட்டர், கண்ட்ரோல் பேனல், டாக்குமெண்ட்ஸ் ஆகியவை அப்போதும் வரவில்லை. அவை ஷார்ட்கட்டுகள் அல்ல, விண்டோஸ் தன் அமைப்புகளைக் குறித்துவைக்கும் ரெஜிஸ்ட்ரியில் 'காட்டு', 'காட்டாதே' என்று இருக்கும் அமைப்புகள். வைரஸ் அவற்றை அணைத்துவைத்திருந்தது. ஸ்டார்ட் மெனு பிராப்பர்ட்டீஸில் கஸ்டமைஸ் போய் 'யூஸ் டீஃபால்ட் செட்டிங்ஸ்' அழுத்தியதும் வந்துவிட்டன. ஷார்ட்கட் வேலை மட்டும் எடுத்த நேரம் நாற்பது நிமிடம். முதல் கணினிக்கு இரண்டு நாள்.

ஏன் இரண்டாவது முறை வந்தது

இந்த நாற்பது நிமிடத்தை நினைத்துப் பெருமைப்பட முடியவில்லை. அந்தக் கணினிக்கு வைரஸ் வந்திருக்கவே வேண்டியதில்லை. இரண்டு கணினிகளிலும் ஜாவாவும் அடோபி ரீடரும் பழைய பதிப்புகள். இப்படிப்பட்டவை அன்று பெரும்பாலும் பிரவுசரில் இருக்கும் இந்த இரண்டின் ஓட்டைகள் வழியாகத்தான் நுழைந்தன. கெட்டுப்போன ஒரு தளத்தைத் திறந்தாலே போதும். முதல் கணினியில் அவற்றைப் புதுப்பித்தோம். நான்கடி தள்ளி இருந்த இரண்டாவது கணினியை யாரும் தொடவில்லை, ஏனென்றால் புகார் அதைப் பற்றி அல்ல. விண்ணப்பங்களுக்காக நாள் முழுக்க இணையத்தில் இருந்தது அந்தக் கணினிதான்.

முதல் கணினிக்கு நாங்கள் கூலி வாங்கவில்லை. இரண்டாவதுக்கு அக்கா வற்புறுத்திக் கொடுத்தார், பாதி வாங்கிக்கொண்டோம்.

அதன் பிறகு மாற்றியவை

வரிசையை மாற்றினோம். டெம்ப்பைத் துடைப்பது முதலில் இருந்து கடைசிக்குப் போனது, அதுவும் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்த பிறகு, வாடிக்கையாளர் எல்லா நிரலையும் திறந்து பார்த்துச் சரி என்று சொன்ன பிறகு. நிரல் திறப்பது மட்டும் போதாது, கடைசியாகப் போட்ட பில் தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். பையன் இதைக் கடைச் சுவரில் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டினான்.

அன்றாட வேலைக்கு நிர்வாகி அதிகாரம் இல்லாத கணக்கு ஒன்று போட்டுக் கொடுக்க ஆரம்பித்தோம். இதில் முழு வெற்றி இல்லை. பழைய தமிழ் எழுத்துரு மென்பொருள்கள் சில நிர்வாகி அதிகாரம் இல்லாமல் ஓடவே மறுக்கும். அக்காவின் எக்ஸ்பி கணினியில் கடைசிவரை அதைச் செய்ய முடியவில்லை.

எந்தக் கணினி கடைக்கு வந்தாலும் அதன் இரண்டு ஸ்டார்ட் மெனு ஃபோல்டர்களையும் டெஸ்க்டாப் ஷார்ட்கட்டுகளையும் ஒரு ஜிப் ஆக்கி வேறு டிரைவில் வைத்துவிடுவோம். இது வைரஸுக்கு மட்டும் உதவியதல்ல. 2023 ஜனவரி 13 அன்று மைக்ரோசாஃப்ட் டிஃபெண்டரின் ஒரு பாதுகாப்பு விதி தவறாக வேலை செய்து, உலகெங்கும் பல நிறுவனங்களின் கணினிகளில் ஸ்டார்ட் மெனுவிலும் டாஸ்க்பாரிலும் இருந்த ஷார்ட்கட்டுகளை அழித்துவிட்டது. அங்கே ஒளித்துவைத்த ஃபோல்டர் எதுவும் கிடையாது, போனது போனதுதான். மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட முதல் ஸ்கிரிப்ட், பலரும் பயன்படுத்தும் சில நிரல்களின் பட்டியலை வைத்துக்கொண்டு, அவை கணினியில் இருக்கின்றனவா என்று பார்த்து ஷார்ட்கட்டைப் புதிதாக உருவாக்கியது. பிறகு வந்த பதிப்பு, விண்டோஸ் முன்பே எடுத்து வைத்திருக்கும் டிரைவின் நிழல் நகலில் (ஷேடோ காப்பி) இருந்தும் மீட்கப் பார்த்தது. உள்ளூர்க்காரர் எழுதிய பில் நிரல் அந்த மாதிரிப் பட்டியல் எதிலும் இருக்காது.

அக்காவின் எக்ஸ்பி கணினியில் ஒரு ஃபோல்டர் மட்டும் கடைசிவரை 'எம்ப்டி' என்றே இருந்தது. அது எந்த நிரலுடையது என்று எங்களுக்கும் தெரியவில்லை, அவருக்கும் நினைவில்லை. அழித்துவிடவா என்று கேட்டேன். "இருக்கட்டும் தம்பி, என்னிக்காவது ஞாபகம் வரும்" என்றார்.